ஊருணிச் சேறும் தொண்டிச் சேறும்: ஒரு செட்டிநாட்டுப் பயணக் குறிப்பு

டிசம்பர் 26, காரைக்குடி

மதுரையிலிருந்து புறப்பட்ட பேருந்து காரைக்குடிக்குள் நுழைந்தபோது நன்றாக விடிந்திருந்தது; ஆனால் வெயிலைக் காணவில்லை. வடகிழக்குப் பருவமழையின் கடைசித் தூறல் விழுந்துகொண்டிருந்ததால், மார்கழிக் கோலங்களின் ஓரங்கள் கரைந்து வாசல்களில் வெள்ளையாகப் படர்ந்திருந்தன. இந்தப் பக்கம் வருபவர்களில் பெரும்பாலோர் நகரத்தார் வீடுகளைக் காணவும் செட்டிநாட்டுச் சமையலைச் சுவைக்கவும் வருகிறார்கள். நான் சேற்றைப் பார்க்க வந்தேன். என் நண்பருடைய மகள் தொண்டிக் கரையில் கடலடிப் படிவுகளைப் பற்றி ஆய்வு செய்து வருகிறாள். கடலின் அடியில் கிடக்கும் சேறு, மேலே நிற்கும் நீருக்கு இரும்பு, மாங்கனீசு, கோபால்ட் போன்ற சுவடு உலோகங்களை, அதாவது நீரில் மிக நுண்ணிய அளவிலேயே இருக்கும் உலோகங்களை, எவ்வாறு வழங்குகிறது என்பதே அவளுடைய ஆய்வுப் பொருள். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் எனக்கு அதை நேரில் காண வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. அரையாண்டு விடுமுறை அதற்கு வாய்த்தது.

பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு சிறிய மெஸ்ஸில் காலை உணவு. வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும், இட்லியும் கத்தரிக்காய்க் கோசமல்லியும் சேர்த்து எழுபது ரூபாய் ஆயிற்று. பரிமாறிய அம்மாள், நான் வேண்டாம் என்று சொல்லுமுன்பே, “இன்னொரு பணியாரம் வச்சுக்கங்க, ஆறிப்போனா நல்லா இருக்காது” என்று இலையில் வைத்துவிட்டு நகர்ந்தார். அந்தப் பணியாரத்துக்கு அவர் காசு வாங்கவில்லை.

பகலில் மழை வலுத்ததால் ஆட்டோவில் சுற்றினேன். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் வாயிலில் சற்று நேரம் நின்றேன். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட நிறுவனம் அது. அது இங்கே அமைவதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். உலோகம் எப்படி எலக்ட்ரானை இழந்து துருவாகிறது என்பதை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்துவரும் ஆய்வகம் இருக்கும் ஊரில், அதே துரு எலக்ட்ரானைத் திரும்பப் பெற்று மீண்டும் நீரில் கரைவதைப் பற்றி ஒரு மாணவி ஆராய்கிறாள் என்பது எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது.

மாலையில் நண்பரின் மகள் விடுதிக்கு வந்தாள். “மாமா, சேற்றுக்குள் இறங்குவதற்கு முன்னால் அளவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்” என்று தொடங்கினாள். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. திறந்த பெருங்கடலின் மேற்பரப்பில் அதே ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் இரும்போ சில பத்து நானோகிராம்தான். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நானோகிராம். பூமியின் மேலோட்டில் எடையளவில் ஏறத்தாழ 5 விழுக்காடு இரும்பாக இருக்க, கடலில் இவ்வளவு வறட்சி நிலவுவதற்குக் காரணம், ஆக்சிஜன் கரைந்துள்ள கடல்நீரில் இரும்பு எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் என்னும் துரு வடிவத்துக்கு மாறி, ஏறக்குறைய கரையாமல் படிந்துவிடுவதே ஆகும்.

அந்த அற்ப அளவை நம்பித்தான் கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகளான மிதவைத் தாவரங்கள் வாழ்கின்றன. பச்சையத்தை உருவாக்கவும், ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான்களைக் கடத்தவும், நைட்ரேட்டைச் செரிக்கவும் அவற்றுக்கு இரும்பு வேண்டும்; நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியிடும் இடத்தில் மாங்கனீசு வேண்டும்; பி12 உயிர்ச்சத்தின் நடுவே கோபால்ட் இருக்கிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்திருந்தும் மிதவைத் தாவரங்கள் செழிக்காத கடற்பரப்புகள் உள்ளன. அங்கே குறைவாக இருப்பது இரும்புதான் என்பதை 1980-களின் இறுதியில் அமெரிக்க அறிஞர் ஜான் மார்ட்டின் எடுத்துக்காட்டினார். அவர் 1993-இல் மறைந்தார். அதே ஆண்டில் அவருடைய குழுவினர் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகில் கடலில் இரும்பைத் தூவி, நீர் பச்சை கொள்வதைக் கண்டனர்.

அப்படியானால் இயற்கையில் அந்த இரும்பு எங்கிருந்து வருகிறது? பாலைவனத் தூசியிலிருந்து என்பதே நெடுங்காலம் முதன்மையான விடையாக இருந்தது. கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கடலடியில் கவிழ்த்து வைத்த அடைப்புப் பெட்டிகளைக் கொண்டு, சேற்றிலிருந்து நீருக்குள் ஏறும் இரும்பை அளந்தவர்கள், கரையை ஒட்டிய ஆழங்குறைந்த கடலடியான கண்டத்திட்டின் படிவுகள் தரும் பங்கு தூசியின் பங்குக்குக் குறைந்ததன்று என்று 2004-இல் வெளியிட்டனர்.

டிசம்பர் 27, ஆத்தங்குடியும் கானாடுகாத்தானும்

விடுதியில் குளிக்க ஆழ்குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்தேன். தெளிந்த நீராக வந்தது. காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் அதன் மேல் மெல்லிய மஞ்சள் படர்ந்து, அடியில் செம்பழுப்பாகத் தூள் இறங்கியிருந்தது. விடுதியைக் கவனித்துக்கொள்ளும் ஆச்சி, நான் வாளியை உற்றுப் பார்ப்பதைக் கண்டு, “வரும்போது கண்ணாடி மாதிரித்தான் வரும் தம்பி. காத்துப் பட்டா இப்படி ஆயிடும். குடிக்கிறதுக்கு வேற தண்ணி வச்சிருக்கேன்” என்றார். கடலடி வேதியியலின் பாதியை அவர் அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு, கரையக்கூடிய ஃபெரஸ் வடிவத்தில் இருக்கிறது; காற்றைச் சந்தித்ததும் ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் ஆகி, துருவாக அடியில் தங்குகிறது.

ஆட்டோக்காரர் ஆத்தங்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் போய்வர எழுநூறு ரூபாய் கேட்டார். மழை என்பதால் பேரம் பேச மனம் வரவில்லை. ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியைப் படுக்கவைத்து, அதன் மேல் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, கைப்போக்கில் பூவாக வளைத்து, பின்புறம் மணலும் சிமெண்டும் நிரப்பி, நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். கண்ணாடியை எடுத்தால், தேய்க்காமலேயே மேற்பரப்பு பளபளக்கிறது. சிவப்புக்கு என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். “ரெட் ஆக்சைடுதாங்க. எத்தனை வருஷம் தண்ணி ஊத்திக் கழுவினாலும் போகாது” என்றார் அந்தத் தொழிலாளி. ஃபெரிக் ஆக்சைடு நீரில் கரையாது என்பதற்கு ஒவ்வொரு நாளும் நீரூற்றிக் கழுவப்படும் செட்டிநாட்டு முற்றங்களே சான்று. ஆறுகள் கடலுக்குக் கொண்டுசேர்க்கும் மண்துகள்களிலும் இதே ஆக்சைடு பூச்சாக ஒட்டியிருக்கிறது. அது கடலடியில் கல்லாகவே கிடந்துவிட்டால் கடலுக்குப் பயனில்லை.

அது எப்படிக் கரைகிறது என்பதைக் கானாடுகாத்தானுக்குப் போகும் வழியில் ஓர் ஊருணிக் கரையில் பார்த்தேன். இந்த வட்டாரமெங்கும் செம்பூராங்கல் பூமி. மழைநீர் வரத்துக்கால் வழியாக அந்தச் செம்மண்ணைத் தொட்டுக்கொண்டுதான் ஊருணிக்குள் வருகிறது. குடிநீர் ஊருணிகளில் செருப்போடு இறங்கக் கூடாது. நான் பார்த்தது புழக்கத்திலிருந்து விடுபட்டு, இலைதழைகள் விழுந்து அழுகிக்கொண்டிருந்த ஒன்று. கரையோரம் நீர் கசியும் இடத்தில் ஆரஞ்சு நிறச் சேறும், அதன் மேல் எண்ணெய் சிந்தியதைப் போன்ற வானவில் படலமும் இருந்தன. ஒரு குச்சியால் தொட்டேன். எண்ணெயாக இருந்தால் மீண்டும் ஒன்றுகூடும்; இது சில்லுகளாக உடைந்து அப்படியே நின்றது. இரும்பை ஆக்சிஜனேற்றி வாழும் பாக்டீரியாக்கள் வளரும் இடங்களில் காணப்படும் படலம் அது. குச்சியைச் சற்று ஆழமாகச் செருகி எடுத்தபோது அதன் நுனியில் கருமையான சேறு ஒட்டியிருந்தது.

சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் மட்கும் பொருளை உண்டு, சுவாசிக்க ஆக்சிஜனைத் தேடுகின்றன. அது தீர்ந்ததும் நைட்ரேட், அதற்குப் பின் மாங்கனீசு ஆக்சைடு, அடுத்து இரும்பு ஆக்சைடு, இறுதியில் சல்பேட் என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்கின்றன. அட்லாண்டிக்கின் கிழக்கு நிலநடுக்கோட்டுப் படிவுகளை ஆராய்ந்து இந்த வரிசையை 1979-இல் ஃபிரோலிக் குழுவினர் தெளிவாக நிறுவினர். மாங்கனீசின் முறை வரும்போது மாங்கனீசும், இரும்பின் முறை வரும்போது இரும்பும் எலக்ட்ரான்களை ஏற்றுக்கொண்டு, சேற்றுத் துகள்களுக்கிடையே நிற்கும் நீரில் கரைகின்றன. அந்த ஆக்சைடுகளின் மேல் ஒட்டியிருந்த கோபால்ட் போன்றவையும் பிடி விட்டுப்போய் நீருக்குள் வருகின்றன. கரையாத கல்லைக் கரையவைப்பது உயிரின் மூச்சு என்பதுதான் இந்தப் பயணத்தில் என்னை மிகவும் வியக்கவைத்தது.

கானாடுகாத்தானில் வீடுகளைப் பார்த்ததைப் பற்றி எழுத அதிகமில்லை. மழை இருட்டில் முற்றங்கள் அழகாகவே இருந்தன. மதியச் சாப்பாடு இருநூறு ரூபாய். பருப்பு உருண்டைக் குழம்பு அந்த விலைக்குத் தகுதியானதுதான்.

டிசம்பர் 28, தொண்டி

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். திருவாடானைக்குச் சற்று முன்னால் பேருந்தின் பின்சக்கரம் பழுதாகி, ஒன்றரை மணி நேரம் சாலையோரப் புளியமரத்தடியில் நனைந்தோம். தேவகோட்டையில் ஏறிய ஒரு குடும்பத்தார், சீமந்தத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த தூக்கைத் திறந்து, எங்களுக்கெல்லாம் மனகோலம் அள்ளிக் கொடுத்தார்கள். “விசேஷத்துக்குக் கொண்டுபோறதை எங்களுக்குக் கொடுக்கிறீங்களே” என்றதற்கு, அந்த வீட்டுப் பெரியவர், “பசிச்சவங்க சாப்பிட்டாத்தானே விசேஷம், எடுத்துக்கங்க” என்றார்.

அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இருக்கிறது. இந்தக் கரையில் கடலைப் படிக்கும் இளைஞர்களைக் காண்பது அதனால் அரிதன்று. கரையில் காத்திருந்த மருமகளுடன் (நண்பர் மகளை நான் அப்படித்தான் அழைப்பது) படகில் போவதாக ஏற்பாடு. பாக் நீரிணைப் பக்கம் வாடைக்காற்று வீசும் இந்த மாதங்களில் அலை மிகுதி. படகுக்காரர் காற்றைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு வேண்டாம்மா” என்று முடித்துவிட்டார். எனவே கரையிலிருந்தே இடுப்பளவு நீர்வரை நடந்தோம். கால் ஒவ்வோர் எட்டுக்கும் முழங்கால்வரை புதைந்தது. சிப்பி ஓடு ஒன்று என் பாதத்தைக் கிழித்தது.

ஒளிபுகும் நெகிழிக் குழாயை அவள் சேற்றில் செங்குத்தாக அழுத்தி, மேல்வாயை ரப்பர் மூடியால் அடைத்து, அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். உலோகத்தால் ஆன எதையும் அவள் பக்கத்தில் விடவில்லை. என் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றச் சொன்னாள். எஃகுக் கப்பலிலிருந்தும் கம்பி வடத்திலிருந்தும் உதிர்ந்த உலோகத்தையே கடலின் உலோகமாக எண்ணிப் பல பத்தாண்டுகள் அளந்துவந்தார்கள்; 1970-களில் தூய்மை முறைகள் வந்த பின்னரே உண்மையான அளவுகள் அதைவிடப் பன்மடங்கு குறைவு என்று தெரியவந்தது. அமிலத்தில் ஊறிய புட்டிகளை அவள் இரட்டைப் பையிலிருந்து எடுத்த விதத்தில் அந்த வரலாறு முழுதும் இருந்தது.

குழாயைக் கரையில் நிறுத்திப் பார்த்தோம். மேலே சில மில்லிமீட்டர் செம்பழுப்பு. அதன்கீழ் விரற்கடை அளவுக்குப் பசுஞ்சாம்பல். அதற்கும் கீழே கருமை. அங்கிருந்து அழுகிய முட்டை நாற்றம் வீசியது. குழாயின் பக்கத் துளைகள் வழியாக நுண்துளைக் குச்சிகளைச் செருகி, காற்றுப் படாமல் ஒவ்வோர் ஆழத்திலிருந்தும் இடைவெளி நீரை அவள் ஊசிக்குழலில் இழுத்தாள். எல்லாமே நிறமற்று ஒன்றுபோல இருந்தன. பிறகு ஒவ்வொன்றிலும், ஃபெரஸ் இரும்பைக் கண்டால் ஊதாவாகும் ஃபெரோசின் கரைசலில் ஒரு துளி விட்டாள். மேலடுக்கின் நீர் அப்படியே நின்றது. சாம்பல் அடுக்கின் நீர் கணப்பொழுதில் அடர்ந்த செவ்வூதாவாகியது. கருமை அடுக்கின் நீர் வெளிறிய ஊதாவோடு நின்றுவிட்டது. பள்ளி ஆய்வகத்தில் எத்தனையோ நிறமாற்றங்களைக் காட்டியிருக்கிறேன். இவ்வளவு மனம் நிறைந்து ஒன்றைப் பார்த்ததில்லை.

சாம்பல் அடுக்கில் இரும்பு கரைந்து நிற்கிறது. கருமை அடுக்கில் சல்பேட்டைச் சுவாசிக்கும் நுண்ணுயிரிகள் வெளியிடும் சல்பைடு, இரும்பைப் பிடித்து இரும்பு சல்பைடாக்கிவிடுகிறது. அந்தக் கருமையே அதுதான். மேலேயுள்ள செம்பழுப்பு அடுக்கு ஒரு சுங்கச் சாவடி. கீழிருந்து ஊர்ந்து வரும் ஃபெரஸ் இரும்பு அங்கே ஆக்சிஜனைச் சந்தித்து மீண்டும் துருவாகித் தங்கிவிடுகிறது. வெதுவெதுப்பான, காற்று நிறைந்த கடல்நீரில் ஃபெரஸ் இரும்பில் பாதி மறைய நிமிடங்கள் போதும். மாங்கனீசு ஆக்சிஜனேற நாட்களோ வாரங்களோ ஆவதால் அது பெரும்பாலும் தப்பி மேலே போய்விடுகிறது.

“அப்படியானால் இரும்பு கடலுக்கு எப்போது கிடைக்கும்?” என்று கேட்டேன்.

“அந்தப் பழுப்பு அடுக்கு மெலிய வேண்டும் மாமா” என்றாள். அடிநீரில் ஆக்சிஜன் குறைந்தால் அடுக்கு மெலிந்து, வாயில் திறக்கிறது. அரபிக்கடலில் ஏறத்தாழ 150 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரையிலும், வங்கக்கடலில் அதைவிடக் குறுகிய ஆழ வரம்பிலும் ஆக்சிஜன் வறண்ட நீரடுக்கு இருக்கிறது. அது, கண்டத்திட்டைத் தாண்டிக் கடலடி சரியும் கண்டச்சரிவைத் தொடும் இடங்களில் சேறு தன் இரும்பை எளிதாக விட்டுவிடுகிறது. ஆழங்குறைந்த கடலில் வேறு வழிகளும் உண்டு. புழுக்களும் நண்டுகளும் வளை தோண்டி, கீழ்நீரை மேலே இறைக்கின்றன; புயலலை சேற்றைக் கிளறுகிறது; கரிமச் சேர்மங்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு படியவிடாமல் காக்கின்றன. கடற்புல் வேர்களோ இதற்கு எதிராகச் சேற்றுக்குள் ஆக்சிஜனைக் கசியவிட்டு இரும்பைத் துருவாக நிறுத்திவைக்கின்றன. ஆகவே ஒரே கடற்கரையில், புல் உள்ள இடமும் இல்லாத இடமும் நீருக்குத் தரும் உலோகம் ஒன்றாக இராது.

வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்கள் குழாயைப் பார்த்துவிட்டு, கலங்கல் தண்ணீரில்தான் மீன் மேய வரும் என்றார். அதற்கு இரும்புதான் காரணம் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். மீன் வருவதற்கு நூறு காரணங்கள் இருக்கலாம். ஆனால் கலங்கும் விதம் முக்கியம். அலை கிளறுவது வேறு, இழுவைமடி திரும்பத்திரும்ப உழுவது வேறு. இழுவைமடி பழுப்பு அடுக்கைக் கலைத்து, புழுவையும் புல்லையும் சேர்த்தே அகற்றுகிறது. அந்த அடுக்கு உருவாக வேண்டிய அமைதியைக் கடலடிக்கு விட்டுவைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மதியம் மீன் குழம்புச் சாப்பாடு நூற்றைம்பது ரூபாய், நண்டு வறுவல் தனியாக நூற்றிருபது. கடைக்காரர் என் பாதத்துக் கட்டைப் பார்த்து, கேட்காமலேயே வெந்நீரும் மஞ்சள்தூளும் கொண்டுவந்தார்.

டிசம்பர் 29, காரைக்குடி

இரவெல்லாம் கால் வலித்தது. காலையில் வெளியே போகவில்லை. மழை விட்டு, நல்ல வெயில். விடுதி ஆச்சி, அரிசி களைந்த நீரில் வைத்த வெண்டைக்காய் மண்டி கொடுத்தனுப்பினார். மருமகள் தன் மடிக்கணினியோடு வந்து, கரையோரச் சேற்றுக்கும் நடுக்கடலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினாள்.

தெற்கு இந்தியப் பெருங்கடலின் அடியில் கெர்குலன் மேட்டுநிலம் உள்ளது. சுற்றிலும் இரும்புக்கு ஏங்கும் நீர். அந்த மேட்டின் மேல் மட்டும் கோடைதோறும் கடல் பச்சை கொள்கிறது. 2005-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அங்கே சென்று, இரும்பு செறிந்த கீழ்நீர் மேட்டுநிலத்தின் மேல் மேலேறி வருவதே அதற்குக் காரணம் என்று கண்டார்கள்.

எந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்பதை ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள், சொல்கின்றன. நுண்ணுயிரிகள் ஆக்சைடைக் கரைக்கும்போது எடை குறைந்த இரும்பு அணுக்கள் சற்று மிகுதியாக வெளியேறுகின்றன. தூசியின் இரும்புக்கு அந்தச் சாயல் இல்லை. ஜியோட்ரேசஸ் என்ற பன்னாட்டுத் திட்டத்தில், வட அட்லாண்டிக்கின் குறுக்கே எடுத்த நீரை இவ்வாறு பிரித்து 2014-இல் வெளியிட்டார்கள். கரைந்த இரும்பில் 71 முதல் 87 விழுக்காடு சகாராத் தூசியின் பங்கு. வட அமெரிக்கக் கரையின் ஆக்சிஜன் உள்ள படிவுகள் 10 முதல் 19 விழுக்காடு. ஆப்பிரிக்கக் கரையின் சேற்றில் ஒடுக்கத்தால், அதாவது எலக்ட்ரானைப் பெற்று, கரைந்தது 1 முதல் 4 விழுக்காடு. சகாராவுக்கு எதிரே கிடக்கும் கடலிலேயே சேற்றின் பங்கு இவ்வளவு என்றால், தூசி எட்டாத கடல்களில் அதன் இடம் இன்னும் பெரியதாக இருக்கும் என்பது அவளுடைய எண்ணம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆக்சிஜன் உள்ள சேறும் இரும்பைத் தருகிறது என்பது எனக்குப் புதிய செய்தி. நுண்ணுயிரி மூச்சு விட்டுச்செல்லும், எடை குறைந்த அணுக்கள் மிகுந்த சாயல் அங்கே இல்லை. மண்துகளிலிருந்தே மெல்ல நீருக்குள் வருவதால் அதன் ஐசோடோப்பு நிலத்தின் பாறையை ஒத்திருக்கிறது.

நம் வங்கக்கடலுக்குக் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுதோறும் ஏறத்தாழ நூறு கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. அது பரவிய வங்க விசிறிப்படிவு ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளம். சாகர் கன்யா கப்பலில் இந்திய ஆய்வாளர்கள் இந்தக் கடல்களின் சுவடு உலோகங்களை அளந்து வருகிறார்கள். அந்தப் பெரிய கணக்கில் பாக் நீரிணைச் சேறு ஒரு சிறு வரிதான். ஆனால் அந்த வரியை யாராவது எழுதியாக வேண்டும்.

கடைசியாகப் பேச்சு ஆழ்கடலுக்குப் போயிற்று. மத்திய இந்தியப் பெருங்கடல் வடிநிலத்தில், உலோகங்கள் செறிந்த கட்டிகளான பல்லுலோக முடிச்சுகளை ஆராய இந்தியாவுக்கு 75,000 சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில் வளர்பவை அவை. சேற்றிலிருந்து தப்பிய மாங்கனீசும் இரும்பும் எங்கோ தொலைவில் மீண்டும் படிந்ததன் விளைவே அவையும். அவற்றை அள்ளும்போது எழும் சேற்றுப்புகை எவ்வளவு உலோகத்தை நீருக்குள் விடும், அது எந்த உயிரை ஊட்டும், எதை நஞ்சாக்கும் என்பதை அள்ளத் தொடங்குவதற்கு முன் அளந்துகொள்ள வேண்டும் என்று அவள் சொன்னாள். செம்பும் இரும்பும் குறைந்தால் பட்டினி, கூடினால் நஞ்சு என்னும் இரு எல்லைகளுக்கு நடுவே வாழும் உயிர்களை நேற்று முழுவதும் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அந்த வற்புறுத்தல் முழு நியாயமாகத் தோன்றுகிறது.

ஏப்ரலில் நீர் சூடாகி ஆக்சிஜன் குறையும்போது அதே இடத்தில், கடற்புல் உள்ள பக்கமும் இல்லாத பக்கமும், அவள் மறுபடி குழாய் இறக்கப் போகிறாள். தேர்வுப் பணி முடிந்திருந்தால் குழாயைப் பிடிக்க நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். இம்முறை ரப்பர் காலணியோடு.